ஆஃப்ரோடு என்ஜினுக்கு கிராங்க்கும் ஃப்ளைவீல் எடையும்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதியவர்களுக்கு

முதன்முதலாக என்ஜின் பிரிக்கும் பையன்களில் பலர், ஃப்ளைவீலை (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் கனமான வட்டை) லேத்தில் கொடுத்து எடை குறைத்துவிட வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். தார் ரோட்டில் ரேஸ் ஓட்டுகிறவர்களிடமிருந்து வந்த யோசனை அது. அவர்களுக்குப் பொருந்தும். கரட்டுப் பாறையும் சரளையும் செங்குத்து ஏற்றமுமாகக் கிடக்கிற நம் இரண்டு மாவட்டத்துக்கும் பெரும்பாலும் பொருந்தாது. இங்கே வண்டி தோற்பது டாப் ஸ்பீடில் இல்லை. ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு கல்லின் மேல் முன்சக்கரம் ஏறும்போது, 'டுப்' என்று என்ஜின் நின்றுபோகிறதே, அந்த இடத்தில்தான்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர் பைக்குகளைப் பற்றியது. ஜீப், ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்குப் பிற்பாடு கொஞ்சம் சொல்கிறேன். செலவு செய்யவேண்டிய வரிசையை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதலில் கியர் விகிதம், அடுத்து இருக்கிற கிராங்க்கின் நலம், அதற்கப்புறம் எடை, எல்லாம் முடிந்தபிறகு வேண்டுமானால் ஸ்ட்ரோக் நீளம் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகிற தூரம்). இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

எடை உண்மையில் என்ன செய்கிறது

நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டரில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரே ஒரு வெடிப்பு. மீதி மூன்று ஸ்ட்ரோக்கையும், அதிலும் மூச்சுமுட்டுகிற கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கை, ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கிற சுழற்சிதான் தள்ளிக் கடத்துகிறது. சாணை பிடிப்பவர் மிதியிலிருந்து காலை எடுத்தபிறகும் கல் சுற்றிக்கொண்டு கத்தியைத் தீட்டுமே, அந்த வேலைதான். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நான்கு சிலிண்டர் ஜிப்ஸியில் அரைச் சுற்றுக்கு ஒன்று. அதனால் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக்குக்குத்தான் இந்த எடை அதிகம் தேவைப்படுகிறது.

ஃப்ளைவீல் புதிதாக சக்தி எதையும் உண்டாக்காது, சேமித்துக் கொடுக்கும். எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒற்றை சிலிண்டர் பைக்கில் கிராங்க்கின் வட்டுகளே பெரும்பாலும் ஃப்ளைவீல் வேலையைச் செய்கின்றன. அந்த வட்டுகளின் எடை சுமார் 6 கிலோ, விட்டம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலைமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 0.01 என்று வரும் (எடையில் பாதி பெருக்கல் ஆரத்தின் வர்க்கம், கிலோவிலும் மீட்டரிலும்). 1,500 ஆர்.பி.எம்.மில் இதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 123 ஜூல். வண்டியும் ஆளும் சேர்ந்து 235 கிலோ என்றால், அந்த மொத்த எடையையும் 5 செ.மீ. உயரம் தூக்க இது போதும். ஆனால் என்ஜின் 750 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும் என்பதால், கைக்குக் கிடைப்பது முக்கால் பங்குதான். ஆக 4 செ.மீ.

இதே கிராங்க் 3,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால்? ஆற்றல் இரண்டு மடங்கில்லை, நான்கு மடங்கு. சுமார் 490 ஜூல், 21 செ.மீ. உயரத்துக்குச் சமம். ஒரு கிராம் இரும்புகூடச் சேர்க்காமலே நான்கு மடங்கு கிடைத்துவிட்டது. கியரை முதலில் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அதே மெதுவான வேகத்தில் என்ஜினைக் கொஞ்சம் அதிகம் சுற்றவிடுவது கியர் விகிதத்தின் வேலை.

முதல் படி: வண்டியை அப்படியே ஏற்றிப் பாருங்கள்

எதையும் பிரிக்காமல், நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஏற்றம் ஒன்றில் முதல் கியரில், கிளட்ச்சைத் தொடாமல் ஏறுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும். என்ஜின் திணறி நின்றுபோனால் உங்களுக்குத் தேவை கீழ்க்கியரும் எடையும். என்ஜின் நிற்காமல் பின்சக்கரம் மட்டும் சரளையைத் தோண்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றினால், முதலில் டயரையும் காற்றழுத்தத்தையும் பாருங்கள். அதற்கப்புறமும் வழுக்கினால் எடை உதவும். ஒவ்வொரு வெடிப்பும் சக்கரத்துக்கு வெட்டி வெட்டிப் போகாமல், ஃப்ளைவீல் அதை மழுக்கி ஒரே இழுப்பாகக் கொடுப்பதால் ரப்பர் தரையை விடாமல் பிடிக்கும்.

தரை எப்படிப்பட்டது என்பதையும் நேர்மையாக எடைபோடுங்கள். பர்கூர், ஓசூர் சுற்றுவட்டத்தில் இருப்பதுபோன்ற கிரானைட் பாறைச் சரிவும், அரூர்ப் பக்கத்து மலையடிவாரச் சரளையும் கனமான ஃப்ளைவீலுக்கு ஏற்ற தரை. தென்பெண்ணை ஆற்றுமணலில் கதை வேறு. மணலில் வண்டி புதைவதற்குள் ஆர்.பி.எம். சட்டென்று ஏறவேண்டும், அங்கே மிகக் கனமான கிராங்க் சோம்பலாக இருக்கும். உலகம் முழுக்கவும் இதே பிரிவுதான்: பாறை ஏறும் ட்ரையல்ஸ் வண்டிகளுக்குக் கனமான ஃப்ளைவீல், தாவிக் குதிக்கும் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு இலகுவானது.

இடம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மாவட்டத்திலும் பரந்து கிடக்கும் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் காப்புக்காடுகளும் வண்டி பழகுகிற இடமில்லை. யானை நடமாடும் காடு அது. பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

இரண்டாம் படி: ஸ்ப்ராக்கெட்

முன் ஸ்ப்ராக்கெட் 13 பல் இருந்தால் 12 போடுங்கள். இழுவை சுமார் 8 சதவீதம் கூடும். பலருக்குத் தெரியாத லாபம் ஒன்றும் இதில் உண்டு. ஃப்ளைவீலின் கனத்தை வண்டி எவ்வளவு உணர்கிறது என்பது கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு பல் குறைத்தாலே அந்த உணர்வு சுமார் 17 சதவீதம் கூடிவிடுகிறது. மேலே சொன்ன 0.01 கிராங்க், மொத்த விகிதம் 20 ஆக இருக்கும் (சக்கரம் ஒருமுறை சுற்ற கிராங்க் 20 முறை சுற்றும்) முதல் கியரில் வண்டிக்கு 44 கிலோ கூடுதல் எடைபோல நடந்துகொள்ளும். அதே கிராங்க் விகிதம் 7 ஆக இருக்கும் டாப் கியரில் 5 கிலோ போலத்தான். எடை சேர்த்தால் ஹைவேயில் வண்டி செத்துப்போகும் என்ற பயம் எவ்வளவு தேவையில்லாதது என்று இதிலிருந்தே தெரியும். தொப்பூர் கணவாயில் டாப் கியரில் ஏறும்போது நீங்கள் அதை உணரக்கூட மாட்டீர்கள்.

ஸ்ப்ராக்கெட்டோடு ஐடில், பைலட் ஜெட் (கார்புரேட்டரில் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை), கிளட்ச் பிளேட், ஏர் ஃபில்டர் ஆகியவற்றையும் சரிசெய்துவிட்டு மறுபடி அதே ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும். முடிந்துவிட்டால் சந்தோஷமாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இருக்கிற கிராங்க் தேறுமா?

இந்த இடத்தில் அவசரமே வேண்டாம். சிலிண்டரைக் கழற்றியதும் கனெக்டிங் ராடைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் எண்ணெய் ஊறிய பிக் எண்ட் பேரிங்கை (ராடின் கீழ்முனையில் இருப்பது) ஆட்டிப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். எண்ணெய்ப் படலம் ஆட்டத்தை மறைத்துவிடும். மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, ராடு மாட்டியிருக்கும் கிராங்க் பின்னை மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். ராடை இரண்டு கையாலும் பிடித்து நேர் மேலே, நேர் கீழே இழுத்துத் தள்ளுங்கள். விரலுக்கு 'டிக்' என்று ஒரு சின்னத் தட்டல் தெரிந்தாலே ராடு கிட் (ராடு, பின், பேரிங் சேர்ந்த செட்) மாற்றியாக வேண்டும். பக்கவாட்டில் ராடு கொஞ்சம் நகரும். அது தேவையான இடைவெளி, குறையில்லை. அதன் அளவைக் கத்தி கேஜ் வைத்துப் பார்த்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். புதிதாக வருபவர்கள் இந்தப் பக்க அசைவைப் பார்த்து பயந்துபோய் நல்ல கிராங்க்கைக் கழித்துவிடுவதும், மேல்கீழ் தட்டலைக் கவனிக்காமல் கெட்ட கிராங்க்கைக் கட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, கிராங்க்கை வி-பிளாக் மேல் உட்காரவைத்து டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். ஷாஃப்ட் முனைகளின் ஓட்டம் (சுற்றும்போது மையம் விலகி ஆடும் அளவு) மேனுவலில் உள்ள எல்லைக்குள் இருக்கவேண்டும். பொதுவாக அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஒற்றை சிலிண்டர் கிராங்க் ஒரே துண்டாக வார்த்ததில்லை. இரண்டு வட்டுகளை ஒரு பின் கோர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறது. வண்டி ஒருமுறை பலமாக அடிபட்டாலோ, பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தாலோ அந்த வட்டுகள் பின்னில் ஒரு மயிரிழை முறுக்கிக்கொள்ளும். ஓட்டினால் அதிரும், கிராங்க்கைத் தாங்கும் பால் ரேஸ் பேரிங் சீக்கிரம் போகும். அதை நேராக்குவது கைத்தேர்ச்சி வேண்டிய வேலை. செம்புச் சுத்தியலால் எந்த இடத்தில், எவ்வளவு பலத்தில் தட்டுவது என்று தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். டயல் கேஜே வைத்துக்கொள்ளாமல் "கண்ணாலேயே பார்த்துடலாம்" என்று சொல்கிற இடத்தில் கிராங்க்கை விட்டுவிட்டு வராதீர்கள்.

ஓசூர் நமக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பதால் கிரைண்டிங், ஹைட்ராலிக் பிரஸ், டைனமிக் பேலன்ஸிங் தெரிந்த கைகள் அங்கே உண்டு. சாதாரண லேத் வேலையைத் தர்மபுரியிலேயோ கிருஷ்ணகிரியிலேயோ முடித்துக்கொண்டு, பேலன்ஸிங்குக்கு மட்டும் ஓசூர் போனால் போதும்.

நான்காம் படி: எவ்வளவு எடை, எங்கே

எடையைவிட அது உட்காரும் இடம் முக்கியம். 500 கிராம் வளையத்தை மையத்திலிருந்து 4 செ.மீ. தூரத்தில் வைப்பதற்கும் 8 செ.மீ. தூரத்தில் வைப்பதற்கும் பலனில் நான்கு மடங்கு வித்தியாசம். ஆகவே மையத்துக்குப் பக்கத்தில் இரும்பை அடைப்பது வீண். பால் ரேஸுக்குச் சுமை ஏறுவதுதான் மிச்சம்.

சிறு வண்டியில் எடை சேர்க்க எளிய இடம் மேக்னெட்டின் (கிராங்க் முனையில் மின்சாரம் எடுக்கச் சுற்றும் காந்த வட்டின்) வெளிவிளிம்பு. கிராங்க்கைப் பிரிக்கவே வேண்டியதில்லை. வெளிநாட்டு எண்டியூரோ வண்டிகளுக்கு இப்படிச் சேர்க்க விற்கும் எடைகள் பெரும்பாலும் 100 முதல் 400 கிராமுக்குள் இருக்கும். 300 கிராம் வளையம் 6 செ.மீ. ஆரத்தில் உட்கார்ந்தால், நம் கணக்குக் கிராங்க்குக்குச் சுமார் 11 சதவீதம் கூடும். இதை ஓட்டும்போது தெளிவாக உணரமுடியும். 200 சி.சி. வகை இலகு என்ஜின்களுக்கு இங்கிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. அதற்குமேல் ஒரேயடியாகப் போகவேண்டாம்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட் வைத்திருப்பவர்கள் எதையும் சேர்க்கவேண்டாம். கம்பெனியே அதில் தேவைக்குமேல் கனத்தை வைத்து அனுப்பியிருக்கிறது. அந்த 'டுப் டுப்' ஐடில் அந்தக் கனத்தால்தான் நிற்காமல் ஓடுகிறது. அதைக் கடைந்து எடுத்துவிட்டு மலைக்கு வருவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு நேர்மாறு. கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை குறைவு, சுற்றும் எடையும் குறைவு. ஒரு வளையம் போட்டால் பாறையில் வேறு வண்டி ஆகிவிடும்.

வளையம் செய்யும்போது கவனிக்கவேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. வளையம் எஃகில் இருக்கட்டும், வார்ப்பிரும்பு வேண்டாம். காரணம் வேகம். 9,000 ஆர்.பி.எம்.மில் 8 செ.மீ. ஆரத்தில் உள்ள விளிம்பு விநாடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் 10 கிராம் போல்ட் ஒன்று 70 கிலோவுக்கு மேற்பட்ட பலத்தோடு வெளியே இழுக்கும். அது பிய்த்துக்கொண்டு வந்தால் மேக்னெட் கவரோடு நிற்காது, உங்கள் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் மேக்னெட் மேல் வெல்டிங் வைத்து எடை ஏற்றாதீர்கள். சூட்டில் காந்தம் பலம் இழக்கும், காந்தத்தை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும், வட்டும் வளையும். வளையத்தைச் சூடேற்றி இறுக்கமாக ஏற்றி, கூடவே பின் அல்லது போல்ட் வைத்துப் பூட்டுவதுதான் முறை. அதையும் கையைச் சுடாத மிதமான சூட்டில் மேக்னெட் இருக்கும்போது, வளையத்தை மட்டும் சூடாக்கிச் செய்யவேண்டும்.

பட்டறையில் என்ன சொல்லிக் கொடுப்பது என்று பலர் தடுமாறுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "ண்ணா, வெளி விளிம்புல மட்டுந்தாங்க வேலை. உள்ளார டேப்பர்லயும் சாவிக் காடியிலயும் டூல் படவே கூடாதுங்க. சக்குல டேப்பரை வெச்சு சென்டர் புடிச்சுட்டு அப்பறம் ஓட்டுங்க." மேக்னெட் ஷாஃப்ட்டோடு சுற்றுவது அந்த டேப்பரின், அதாவது ஷாஃப்ட் நுழையும் கூம்புத் துளையின், இறுக்கத்தால்தான். சாவி என்ற சிறு உலோகத் துண்டு இக்னிஷன் டைமிங்குக்கான அடையாளம் மட்டுமே, சுமை தாங்காது. எடை கூடியபிறகு டேப்பரில் சின்ன இடைவெளி இருந்தாலும் சாவி அறுந்து டைமிங் ஓடிவிடும். வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டை மெல்லத் தடவி மேக்னெட்டை ஷாஃப்ட்டில் கையால் அரைத்துப் பாருங்கள். பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் சுற்றிலும் ஒரே சாம்பல் நிறம் தெரியவேண்டும். பளபளப்பான திட்டு எங்காவது இருந்தால் அங்கே தொடவில்லை என்று அர்த்தம்.

இன்ஜெக்ஷன் வண்டிகளில் மேக்னெட்டின் வெளிப்பக்கத்துப் பற்களைத்தான் பிக்அப் சென்சார் எண்ணிக்கொண்டிருக்கும். அதை வளையத்தால் மூடிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கவர் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கிளே மண்ணை உருட்டி வைத்து மூடித் திறந்து அளந்துகொள்ளுங்கள்.

பேலன்ஸ் விஷயத்தில் ஒரு நிம்மதி: மையத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும் வளையம் என்ஜினின் பேலன்ஸ் விகிதத்தை (பிஸ்டன், ராடு எடையில் கிராங்க் ஈடுகட்டும் பங்கை) மாற்றாது. வளையமும் மேக்னெட்டும் சேர்ந்து தனியாக பேலன்ஸ் ஆகியிருந்தால் போதும். ஆனால் பிஸ்டன் எடை மாறினாலோ, கிராங்க் வட்டில் ஓட்டை போட்டு வேறு உலோகம் அடைத்தாலோ, பேலன்ஸைப் புதிதாகக் கணக்கிடவேண்டும்.

ஸ்ட்ரோக் கூட்டலாமா?

கூட்டலாம், ஆனால் முதல் என்ஜினில் வேண்டாம். கிராங்க் பின்னை 2 மி.மீ. தள்ளி வைத்தால் ஸ்ட்ரோக் 4 மி.மீ. கூடும். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50, ஸ்ட்ரோக் 50 மி.மீ. உள்ள ஆர்.எக்ஸ். 100 என்ஜின் 98 சி.சி.யிலிருந்து 106 ஆகும். எட்டு சி.சி.க்காக எத்தனை வேலை பாருங்கள்: பிஸ்டன் மேலே 2 மி.மீ. அதிகம் வந்து ஹெட்டைத் தொடும், சிலிண்டருக்கு அடியில் தடித்த பேக்கிங் வைக்கவேண்டும். கீழேயும் 2 மி.மீ. இறங்கி பிஸ்டன் பாவாடை கிராங்க்கைத் தொடுகிறதா என்று பார்க்கவேண்டும்; போர்ட் டைமிங் (சிலிண்டர் சுவரிலுள்ள வாசல்கள் திறந்து மூடும் நேரம்) முழுக்க மாறிவிடும். சி.சி. மாறினால் ஆர்.சி. புத்தகத்தோடு வண்டி ஒத்துப்போகாது, மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52வது பிரிவு அதை அனுமதிப்பதில்லை.

நீள ஸ்ட்ரோக் வண்டிதான் வேண்டும் என்றால் அப்படிப் பிறந்த என்ஜினையே வாங்குவது நல்லது. பழைய புல்லட் 350 போர் 70, ஸ்ட்ரோக் 90 மி.மீ. ஹிமாலயன் 411 போர் 78, ஸ்ட்ரோக் 86. எதிர்ப்பக்கம் பழைய 373 சி.சி. கே.டி.எம். 390 போர் 89, ஸ்ட்ரோக் 60. நீள ஸ்ட்ரோக் என்ஜின் அதிகம் சுற்றாது. 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 5,000 ஆர்.பி.எம்.முக்கே பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15 மீட்டரைத் தொட்டுவிடும். 60 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு அந்த வேகம் வர 7,500 ஆகவேண்டும்.

ஜீப், ஜிப்ஸிக்காரர்களுக்கு

இங்கே ஃப்ளைவீல் தனி உறுப்பு, கிளட்ச் பிளேட் அதன் முகத்தில் அழுந்துகிறது. லோ கியர் இருப்பதால் பைக் அளவுக்கு எடைக்காகத் திண்டாடவேண்டியதில்லை. 1,298 சி.சி. ஜிப்ஸியில் (போர் 74, ஸ்ட்ரோக் 75.5) கம்பெனி எடையை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய மகிந்திரா 2,523 சி.சி. டி.ஐ. டீசலில் ஸ்ட்ரோக் 101.6 மி.மீ., ஃப்ளைவீலும் கனம். அங்கே கைவைக்க எதுவுமில்லை. கவனிக்கவேண்டியது பேசிங். கிளட்ச் மாற்றும்போதெல்லாம் ஃப்ளைவீலை லேத்தில் சீவிச் சீவி மெலியவைத்துவிடுகிறார்கள். மெலிந்தால் எடையும் போகும், கிளட்ச்சின் சூட்டை வாங்கும் சக்தியும் போகும். மேனுவலில் உள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே வந்துவிட்டால் வேறு ஃப்ளைவீல் தேடுங்கள். மெல்லிய விரிசல் முகத்தில் தெரிந்தாலும் அப்படியே.

கட்டிய பிறகு

முதல் ஓட்டத்தில் ஒரு மாற்றம் உங்களைத் திகைக்க வைக்கும். ஆக்சிலேட்டரை மூடினாலும் என்ஜின் உடனே அடங்காது, கொஞ்சம் தள்ளிக்கொண்டே போகும். இறக்கத்தில் என்ஜின் பிரேக் ஒரு கணம் தாமதமாகப் பிடிக்கும். அதற்கேற்ப இறக்கம் தொடங்குவதற்கு முன்பே ஆக்சிலேட்டரை மூடிப் பழகுங்கள். பின்சக்கரம் பூட்டிக்கொள்வது குறைவதால் ஈரப்பாறையில் இது நல்லதுதான். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் முன்பைவிட வேகமாகத் தூக்கும், முதல் சில நாள் இரண்டு விரலைக் கிளட்ச்சிலேயே வைத்திருங்கள். செல்ஃப் ஸ்டார்ட்டில் ஒருவழிக் கிளட்ச்சுக்குச் சுமை கூடியிருக்கும், பேட்டரி பலவீனமாக இருந்தால் உதைத்தே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ராடு கிட் மாற்றியிருந்தால் முதல் 500 கி.மீ. வரை என்ஜினைத் திணறவிடவும் வேண்டாம், கத்தவிடவும் வேண்டாம். அதன்பிறகு ஆயிலை மாற்றி, வடிந்த ஆயிலில் உலோகத் தூள் இருக்கிறதா என்று காந்தம் விட்டுப் பாருங்கள். மேக்னெட் கவரைத் திறந்து, நட்டை டார்க் ரெஞ்ச்சால் மேனுவல் அளவுக்கு மறுபடி பாருங்கள். கவரின் உள்சுவரில் வட்டமாக உரசல் தடம் இருந்தால் வளையம் தொடுகிறது என்று பொருள். வண்டியை அங்கேயே நிறுத்தி, வளையத்தைக் கழற்றி, தொடுகிற பக்கத்தில் அரை மில்லிமீட்டர் சீவி, மறுபடி பேலன்ஸ் பார்த்துவிட்டுப் போடுங்கள்.